விளம்பர இடைவேளைக்குக் கை தூக்குபவர்

ரெய்னோ கிவெலா நல்லவர் என்று நான் சொல்ல மாட்டேன். சரியானவர் என்று வேண்டுமானால் சொல்லலாம். இந்த இரண்டுக்கும் நடுவில் கிடக்கிற தூரத்தில்தான் அவருடைய மனைவி மர்லீன் இத்தனை வருடங்களாகக் குடித்தனம் நடத்துகிறாள்.

பகலில் அவர் எங்கள் எல்ஸ்மியர் மர ஆலையின் வாசலில் மரம் அளப்பவர். லாரியில் வரும் கட்டைகளின் முனையில் அளவுகோலை வைத்து, விட்டத்தைப் பார்த்து, உள்ளே அழுகிப்போன பகுதியைக் கழித்து, இதில் இவ்வளவுதான் மரம் என்று சொல்ல வேண்டும். அவர் சொன்னதுதான் லாரிக்காரருக்கும் கணக்கு, ஆலைக்கும் கணக்கு. அதிகமாகக் கழித்துவிட்டார் என்று லாரிக்காரர்கள் முறைப்பார்கள். கழித்தது போதாது என்று ஆலைக்காரர்கள் முறைப்பார்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவில் முறைப்பதை அவர் தன் வேலைக்குக் கிடைத்த நற்சான்றாக எடுத்துக்கொண்டார்.

இலை உதிரும் காலத்தில் தொடங்கி ஏரியில் பனி உடையும் வரைக்கும் அவருக்கு இன்னொரு வேலை உண்டு. எங்கள் ஊர் ஐஸ் ஹாக்கி அணி தொழில்முறை லீகில் ஆடுகிறது. பெரிய லீக் இல்லை, ஆனால் சம்பளம் வாங்கி ஆடுகிறவர்கள். நினைவு அரங்கத்தில் ஆட்டம் நடக்கும்போது, இரண்டு தண்டனைப் பெட்டிகளுக்கும் நடுவில் இருக்கிற நீள மேசையில் என் பக்கத்தில் உட்காருவார். தவறு செய்த ஆட்டக்காரர்கள் பெட்டிக்குள் உட்கார வேண்டிய நேரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். தொலைக்காட்சியில் விளம்பரம் போட ஆட்டத்தை எப்போது நிறுத்தலாம் என்று நடுவருக்குச் சொல்வது அவர் பொறுப்பு. முழங்கைக்கு மேல் வரை ஆரஞ்சு நிற உறை மாட்டியிருப்பார். அவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினால் ஆட்டம் நிற்கும், வீடுகளில் கார் விளம்பரம் ஓடும். கையை இறக்கினால் ஆட்டம் தொடரும்.

கேட்பதற்கு எளிது. செய்து பார்த்தால்தான் எரிச்சல் தெரியும். ஆட்டத்தின் மூன்று பகுதிகளில் ஒவ்வொன்றிலும் மூன்று இடைவேளை கொடுத்தாக வேண்டும். கடிகாரம் ஒரு குறிப்பிட்ட நேரத்தைத் தாண்டிய பிறகு வரும் முதல் விசிலில் கொடுக்க வேண்டும். ஆனால் கோல் விழுந்த உடனே கொடுக்கக் கூடாது. ஓர் அணி ஆள் குறைவாக ஆடும்போது கொடுக்கக் கூடாது. ஐசிங் ஆனால் கொடுக்கவே கூடாது. களைத்துப்போன அணி தன் பாதியிலிருந்து பந்துபோல் பயன்படும் ரப்பர் வட்டை எதிர்முனை வரை அடித்துத் தள்ளிவிட்டு மூச்சு வாங்கப் பார்ப்பதுதான் ஐசிங். அதற்குத் தண்டனையாக, அந்தக் களைத்த ஐந்து பேரும் மாற்று ஆள் இல்லாமல் அப்படியே நின்று உடனே ஆட வேண்டும். அந்த நேரம் பார்த்து விளம்பரம் போட்டால் தண்டனை ஓய்வாகிவிடும்.

ஆட்டம் நன்றாக இருந்தால் விசிலே வராது. அப்போது அரங்கத்துக்கு வெளியே நிற்கிற ஒளிபரப்பு வண்டியிலிருந்து ஜோலின் என்ற பெண் அவர் காதுக் கருவியில் கத்த ஆரம்பிப்பாள். அவள் கத்தல் எனக்கே கேட்கும்.

"ரெய்னோ, ரெண்டு விளம்பரம் பாக்கி. ஏதாவது பண்ணு."

"விசில் வரலையே."

"ஸ்பான்சர் எனக்கு ஃபோன் மேல ஃபோன் போடறான்."

"அவனையே வந்து ஊதச் சொல்லு."

இத்தனை சீசனில் அவர் ஒரு தடவைகூடத் தப்பாகக் கை தூக்கியதில்லை. நடுவர்களுக்கு இது தெரியும். ஆரஞ்சுக் கை மேலே போனால் அவர்கள் மறுபேச்சு இல்லாமல் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள். பின்னால் நடந்த அத்தனை தலைவலிக்கும் இந்த நம்பிக்கைதான் காரணம்.

அந்த ஏப்ரலில் நாங்கள் அரையிறுதித் தொடரில் செயின்ட் கியோம் அணியோடு ஆடிக்கொண்டிருந்தோம். ஏழு ஆட்டத்தில் நாலு ஜெயிக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு ஜெயித்திருந்தோம். ஐந்தாவது ஆட்டம் எங்கள் ஊரில், ஞாயிறு மதியம். சனி மாலை என்றுதான் முதலில் இருந்தது. தொலைக்காட்சிக்காரர்கள் தங்கள் வசதிக்கு மாற்றினார்கள். மாற்றியதை எங்களுக்குக் கடைசியில் சொன்னார்கள். இதெல்லாம் வழக்கம்தான்.

மூன்றாவது பகுதியில் ஒரு கோல் முன்னணியில் இருந்தோம். பக்கத்துக்கு ஒருவராக இரண்டு பேர் கையுறையைக் கழற்றி வீசிவிட்டுச் சண்டை போட்டார்கள். இருவருக்கும் ஒரே தண்டனை என்பதால் களத்தில் ஆள் எண்ணிக்கை குறையவில்லை. செயின்ட் கியோம் ஆள் எங்கள் இடப்பக்கப் பெட்டியில் உட்கார்ந்தான். புருவம் கிழிந்து ரத்தம் மேசை மேலேயே சொட்டியது.

"பெரியவரே, ஒரு துண்டு இருக்குமா?" என்றான்.

துண்டு மேசைக்குக் கீழே ரெய்னோவின் காலடியில் இருந்தது. அவர் குனிந்தார். அந்த நொடியில் விசில் ஊதியது. நிமிர்ந்து பார்த்தபோது, எதிரணிக் கோல்காப்பாளர் வட்டைக் கையில் வைத்திருந்தார். எங்கள் ஆள் அடித்ததை அவர் தடுத்துவிட்டார், அதனால்தான் விசில் என்று இவர் எடுத்துக்கொண்டார். உண்மையில் வட்டை எங்கள் ஆள் களைத்துப்போய் அந்த முனை வரை தள்ளியிருந்தான். விசிலுக்குப் பிறகு கோல்காப்பாளர் அதை எடுத்துக் கோட்டு நடுவரிடம் கொடுத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். ஐசிங் என்று காட்டத் தூக்கிய கோட்டு நடுவரின் கை அதற்குள் இறங்கிவிட்டது. ரெய்னோவின் கை ஏறிவிட்டது.

"ரெய்னோ, அது ஐசிங்" என்றேன்.

"என்ன?"

"ஐசிங்."

அவர் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியாது. கையை இறக்கினார், கண்ணாடித் தடுப்பைத் தட்டினார், வேண்டாம் வேண்டாம் என்று நடுவரைப் பார்த்துத் தலையாட்டினார். நடுவர் தண்ணீர்க் குப்பியை வாயில் வைத்தபடியே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். செயின்ட் கியோம் பயிற்சியாளர் பெஞ்சு மேல் ஏறி நின்று கத்தினார். அவர் ஆட்டம் முழுக்கக் கத்துகிறவர், யாரும் கண்டுகொள்ளவில்லை. விளம்பரம் ஓட ஆரம்பித்தால் நடுவில் நிறுத்த வழியில்லை. எங்கள் ஐந்து பேரும் பலகை மேல் சாய்ந்து, தண்ணீர் குடித்து, நன்றாக மூச்சு வாங்கினார்கள். திரும்ப வந்து, நடுவர் போட்ட வட்டைத் தங்கள் வசமாக்கினார்கள். கடைசி வரை முன்னணியை விடவில்லை. ஜெயித்தோம்.

மறுநாள் காலை பெர்னிஸின் காபிக் கடைக்கு அவர் வந்தபோது உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் இரண்டு கையையும் தூக்கினார்கள். கரண்டியோடு, ரொட்டியோடு, குழந்தையின் ஷூவோடு.

"கையை இறக்குங்க" என்றார் ரெய்னோ. "அது ஐசிங். நான் தப்பு பண்ணிட்டேன்."

கடையே சிரித்தது.

"தப்பாம்ல" என்றான் அர்மான் ப்ரூசோ. ஆலைக்கு மரம் ஏற்றி வருகிற லாரிக்காரன், ரெய்னோவோடு அதிகம் சண்டை போட்டிருப்பவன். "இத்தனை வருஷமா ஒரு தப்பு பண்ணாத ஆளு, அரையிறுதியில, மூணாவது பகுதியில, ஒரு கோல் முன்னாடி இருக்கறப்ப தப்பு பண்ணிட்டாராம். உனக்குள்ள இப்படி ஒரு மனுஷன் ஒளிஞ்சிருக்கான்னு தெரியாமப் போச்சேய்யா."

"நான் துண்டு எடுக்கக் குனிஞ்சேன்."

"குனிஞ்சாராம்" என்று பெர்னிஸ் ரசித்துச் சொன்னாள். காபிக்குக் காசு வாங்க மறுத்தாள். அவர் காசை மேசையில் வைத்துவிட்டு வந்தார். அதை அவள் எடுத்து வந்து காருக்குள் போட்டாள்.

நானும் எனக்குத் தெரிந்ததைச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்து என் கண்ணால் பார்த்தேன் என்றேன். "நீ வேற என்ன சொல்லுவ கிளென், கூட்டாளிதானே" என்றார்கள். அதோடு எனக்கும் ஒரு மரியாதை கூடியது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

தொலைக்காட்சி இன்னும் மோசம். ஸ்டூடியோவில் கோட்டு போட்டு உட்கார்ந்திருக்கிற மூன்று பழைய ஆட்டக்காரர்கள் அந்தக் காட்சியை ஓட்டி, நிறுத்தி, திரும்ப ஓட்டினார்கள். ரெய்னோவைச் சுற்றி மஞ்சள் வட்டம் போட்டார்கள். கை மேலே போவதை மெதுவாகக் காட்டினார்கள். "இந்தக் கிழவரைப் பாருங்க, எவ்வளவு தெளிவா இருக்காரு" என்றார் ஒருவர். மெதுவாக ஓட்டினால் எல்லாமே திட்டமிட்டதுபோல் தெரியும் என்பதை யாரும் நினைக்கவில்லை. கை எந்த நொடியில் உயர்ந்தது என்று கேமரா காட்டும். அது ஏன் உயர்ந்தது என்று காட்டுகிற கேமரா இல்லை. அந்த இல்லாத கேமராவைத்தான் ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

செயின்ட் கியோம்காரர்கள் அவரைத் திருடன் என்றார்கள். எங்கள் ஊர் கெட்டிக்காரன் என்றது. அவர் கவனக்குறைவாக இருந்துவிட்டார் என்று இரண்டு ஊரிலும் ஒருவரும் சொல்லவில்லை.

அவர் லீக் அலுவலகத்துக்கு ஃபோன் செய்தார். நான் அவர் வீட்டுச் சமையலறையில்தான் இருந்தேன். மர்லீன் ஏலக்காய் ரொட்டியை அறுத்துக்கொண்டிருந்தாள்.

"என் மேல நடவடிக்கை எடுங்க" என்றார் ரெய்னோ ஃபோனில்.

அந்தப் பக்கம் நெடுநேரம் பேசினார்கள்.

"இல்ல, ஒரு ஆட்டத்துக்காவது வெளிய உட்கார வைங்க. தப்புன்னு ஒரு வரி சொல்லுங்க போதும்."

மறுபடி பேச்சு. ஃபோனை வைத்தார்.

"என்னவாம்?" என்றேன்.

"என்னை நிறுத்தி வெச்சா லீக் தப்ப ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமாம். முடிவு மாறாதாம். வேற ஆளும் இல்லையாம். பத்திரிகைக்காரங்க கிட்ட வாயத் திறக்கக் கூடாதாம். கடைசியில நல்ல சீசன்னு வாழ்த்து வேற சொல்றான்."

"விடேன்" என்றாள் மர்லீன். "நீ தப்பு தப்புன்னு சொல்லச் சொல்ல, அவங்க உன்னை அடக்கமானவன்னு நினைக்கிறாங்க. உனக்கு அடக்கம்னு ஒண்ணு இருந்தா நான் கண்டுபிடிச்சிருக்க மாட்டேனா?"

"சிரிக்கிற விஷயமில்ல மர்லீன்."

"நான் சிரிக்கல. நேத்து தெருவுல பாதிரியாரே எனக்குக் கை தூக்கிக் காட்டறாரு. நான் எங்க போய் முட்டிக்கிறது?"

ஜோலினையும் கேட்டுப் பார்த்தார். நான் துண்டு எடுக்கக் குனிந்ததை உன் கேமரா ஏதாவது எடுத்திருந்தால் போட்டுக் காட்டு என்றார். மேசைக்குக் கீழே யாரும் கேமரா வைப்பதில்லை என்றாள். "யாருமே கோபப்படலையே ரெய்னோ, நீ எதுக்கு விளக்கம் குடுக்கணும்?" என்று நிஜமாகவே புரியாமல் கேட்டாள்.

இதெல்லாம் வெறும் தொல்லை என்று விட்டிருக்கலாம். ஆலையில்தான் அது வேறாக மாறியது.

பனி உருகும் காலத்தில் சாலை சகதியாகும்; கனமான லாரிகளைத் தடுத்துவிடுவார்கள். அதற்கு முன் குளிர்காலத்தில் வெட்டியதை எல்லாம் கொண்டுவந்து சேர்க்க லாரிக்காரர்கள் அவசரப்படுவார்கள். அந்த வாரம் அர்மான் கொண்டுவந்த சுமையில் சில கட்டைகளின் முனை நடுவில் கறுத்து மெத்தென்று இருந்தது. நான் அன்று ரெய்னோவுக்கு மர்லீன் கொடுத்துவிட்ட சாப்பாட்டைக் கொண்டுபோயிருந்தேன். ரெய்னோ அளவுகோலை வைத்து அழுகலை அளக்க ஆரம்பித்ததும் அர்மான் பக்கத்தில் வந்து தோளில் கை போட்டான். அதற்கு முன் அவன் ரெய்னோவைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

"அந்த நாலு கட்டைய கண்டுக்காத" என்றான்.

"நாலு இல்ல, ஏழு."

"ஏழோ எட்டோ. நம்ம ஆளுன்னு தெரிஞ்சு போச்சு, இனிமே என்ன?"

"யாரு நம்ம ஆளு?"

"யோவ், ஊருக்குன்னா வளையற, எனக்குன்னா மாட்டியா?"

ரெய்னோ ஏழு கட்டையின் அழுகலையும் கழித்தார். அர்மான் கோபப்படவில்லை. அதுதான் கொடுமை. கண்ணடித்துவிட்டு, "பக்கத்துல கிளென் நிக்கறான், அதான். சரி, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்று சொல்லி வண்டியை எடுத்தான்.

இரண்டு நாள் கழித்து ஆலை முற்றத்தின் மேற்பார்வையாளர் இன்னொரு அளவுகோலோடு வந்தார். ரெய்னோ அளந்து முடித்த கட்டைகளை அவருக்குப் பின்னாலேயே நடந்து மறுபடி அளந்தார். ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் வந்தார். ரெய்னோ வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் அளந்ததை யாரும் திரும்ப அளந்ததில்லை.

அன்று ரெய்னோ என் வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"ஆலைக்காரன் என் பின்னாடி அளவுகோல் வெச்சுக்கிட்டு வரான்" என்றார். "லாரிக்காரங்க எல்லாம் என்னைப் பாத்துச் சிரிக்கிறாங்க. நான் ஒருத்தருக்கும் ஒண்ணும் பண்ணலை கிளென். ஒரு துண்டு எடுத்துக் குடுத்தேன்."

"அடுத்த ஆட்டத்துக்கு வராத. உடம்பு சரியில்லைன்னு சொல்லிடு."

"சொன்னா, பயந்துட்டான்னு சொல்லுவாங்க."

"சொல்லட்டும்."

"பயந்தவன் அளவ எவன் நம்புவான்?"

ஒரு மனிதனின் உள்நோக்கம் அவனுக்கு மட்டுமே சொந்தம் என்று நிறையப் படித்திருக்கிறேன். படித்ததில் எதுவும், அந்த உள்நோக்கத்தை ஓர் ஊரே பறித்துக்கொண்டு வேறொன்றைப் பரிசாகக் கொடுக்கும்போது என்ன செய்வது என்று சொல்லவில்லை.

ஆறாவது ஆட்டம் செயின்ட் கியோமில். தோற்றோம். ஏழாவது ஆட்டம் எங்கள் ஊரில் என்றாகியது. ஜெயிக்கிறவர் இறுதிச் சுற்றுக்குப் போவார்.

எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு வீட்டிலும் மான் வேட்டைக்குப் போடுகிற ஆரஞ்சு உடை இருக்கும். ஒருவர் குண்டு இன்னொருவர் மேல் படாமல் இருக்கப் போடுவது. அந்த மதியம் அரங்கம் முழுக்க அதன் கைகளை வெட்டி எடுத்து மாட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். சிலர் ஆரஞ்சுக் காலுறையைக் கைகளில் மாட்டியிருந்தார்கள். ரெய்னோ தன் உறையை மாட்டிக்கொண்டு மேசைக்கு வந்தபோது ஆட்டக்காரர்களுக்குக் கிடைக்காத ஆரவாரம் அவருக்குக் கிடைத்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

"என்னமோ கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்க" என்றேன்.

"வாய மூடு."

முதல் இரண்டு பகுதியும் ஒழுங்காகப் போயின. மூன்றாவது பகுதியில் மறுபடியும் ஒரு கோல் முன்னணியில் இருந்தோம். கடைசி விளம்பரம் பாக்கி இருந்தது. செயின்ட் கியோம்காரர்கள் எங்கள் முனையை விட்டு நகரவே இல்லை. எங்கள் ஐந்து பேரும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் அணித் தலைவன் டாரன் மக்ளின்டாக் வட்டை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு அந்த முனைக்கு அடித்தான். கோட்டு நடுவரின் கை மேலே போனது. விசில்.

ஐசிங். இந்த முறை ரெய்னோ குனிந்திருக்கவில்லை. அரங்கத்தில் இருந்த எல்லோருக்கும் அது ஐசிங் என்று தெரியும்.

"கை, கை, கை" என்று ஒரு மூலையில் தொடங்கியது. பிறகு அரங்கம் முழுக்க. எங்கு பார்த்தாலும் தலைக்கு மேல் ஆரஞ்சுக் கைகள். மேசை அதிர்ந்தது.

ஜோலின் ரெய்னோவின் காதில் கத்தினாள்: "ரெய்னோ, ஐசிங். எனக்கு வேண்டாம், காத்திருக்கேன்."

மக்ளின்டாக் வழுக்கிக்கொண்டு எங்கள் தடுப்பருகே வந்தான். களைத்த முகத்தில் எச்சில் வழிந்தது.

"ரெய்னோ, கால் நிக்கல" என்றான். "ஒரே ஒரு தடவை. ப்ளீஸ்."

"அடிச்சது நீதானே" என்றார் ரெய்னோ. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

வட்டைப் போட்டார்கள். செயின்ட் கியோம் அதைத் தன்வசமாக்கியது. எங்கள் ஆட்கள் ஒருவரும் அசையக்கூட இல்லை. கோல்.

அரங்கத்தின் கைகள் இறங்கிய சத்தம் எனக்குக் கேட்டது என்று சொன்னால் மிகையாகத்தான் இருக்கும். பாப்கார்ன் ஒன்று எங்கள் மேசையில் வந்து விழுந்தது. அப்புறம் அதன் பெட்டி.

சமநிலையில் முடிந்து கூடுதல் நேரத்துக்குப் போனது. இந்தச் சுற்றில் யாராவது கோல் போடும் வரை ஆட்டம் நிற்காது. கூடுதல் நேரத்தில் விளம்பர இடைவேளையும் கிடையாது. ஆக, அந்த அரங்கத்தில் வேலையே இல்லாத ஒரே மனிதரை அத்தனை பேரும் முறைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் உறைகளைக் கழற்றி மடித்து மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் செயின்ட் கியோம் கோல் போட்டது. எங்கள் சீசன் முடிந்தது.

ஒரு மனிதர் தன் நேர்மையை இவ்வளவு தெளிவாக, இவ்வளவு பேர் முன்னால் காட்டிய பிறகாவது ஊர் புரிந்துகொள்ளும் என்று நினைத்த நான் முட்டாள். லீக் மிரட்டிவிட்டது என்றார்கள் சிலர். செயின்ட் கியோமில் அவருக்கு மச்சான் இருக்கிறான் என்றார்கள் சிலர். அவருக்கு அங்கே மச்சான் யாரும் இல்லை. பெர்னிஸ் காபிக்குக் காசு வாங்க ஆரம்பித்தாள். மீதியைக் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்தாள். பாதிரியார் மர்லீனுக்குச் சாதாரணமாகத் தலையசைத்தார். அவள் அதற்காக மட்டும் கடவுளுக்கு நன்றி சொன்னதாக என்னிடம் சொன்னாள்.

ஆலையில் அர்மான் பேசுவதை நிறுத்திவிட்டான். அடுத்து கொண்டுவந்த சுமையிலும் அழுகல் இருந்தது. ரெய்னோ கழித்தார். அர்மான் வண்டியை விட்டே இறங்கவில்லை. மேற்பார்வையாளர் ஒரு நாள் அளவுகோலோடு வந்தார், பாதியில் நின்றார், ரெய்னோவை ஒரு பார்வை பார்த்தார், திரும்பிப் போய்விட்டார். மறுநாள் வரவில்லை.

ஒரு காலை நானும் ரெய்னோவும் பெர்னிஸ் கடையில் சன்னலோரம் உட்கார்ந்திருந்தோம். எங்கள் மேசைக்கு மட்டும் யாரும் வரவில்லை. உள்ளே அர்மான் ஒரு புது லாரிக்காரனோடு இருந்தான். மேற்கே எங்கிருந்தோ வந்தவன், ஆலைக்கு முதல் தடவையாக மரம் கொண்டுவந்திருந்தான்.

"இங்க அளக்கற ஆளு எப்படி? திரும்ப அளந்து பாக்கணுமா?" என்று அவன் கேட்டான்.

அர்மான் எங்கள் பக்கம் பார்த்துவிட்டு வேண்டுமென்றே குரலை உயர்த்தினான்.

"அந்த ஆளா? ஊரே கைய தூக்கிக்கிட்டுக் கத்துச்சு. அணித் தலைவன் வந்து கெஞ்சினான். கை ரெண்டையும் குண்டிக்கு அடியில போட்டுக்கிட்டு உக்காந்திருந்தான். கப்பையே தூக்கி செயின்ட் கியோமுக்குக் குடுத்தவன்யா அவன். உன் நாலு கட்டைக்காகவா வளையப் போறான்? திரும்ப அளக்கறதெல்லாம் வேணாம். நேரம்தான் வீண்."

ரெய்னோ காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"கேட்டியா?" என்றேன்.

"கேட்டேன்."

"உனக்கு வேண்டியது கிடைச்சுது போல."

"திட்டறான் கிளென்."

"திட்டினா என்ன. அவன் சொன்னது உன் அளவப் பத்தி."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். முகத்தில் நிம்மதி மாதிரி ஒன்று வந்து உட்காரப் பார்த்தது. உட்காரவில்லை.

"கப்புன்னு சொல்றான்" என்றார்.

"என்ன?"

"கப்பக் குடுத்துட்டேன்னு சொல்றான். அது அரையிறுதி. ஜெயிச்சிருந்தாலும் இன்னொரு சுற்று இருந்துச்சு. கப்பு எங்க வந்துச்சு?"

"ரெய்னோ, உக்காரு."

"புதுசா வந்த ஆளு கிட்ட தப்பாச் சொல்லி வெக்கிறான்."

"ரெய்னோ."

அவர் அதற்குள் எழுந்து அர்மானின் மேசையை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.